உள்ளங்கையால் ஸ்பீக்கர் தேர்ந்தவர்

ஜெயினுலாப்தீன் பாய்க்கு நான் ஆறாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் இல்லாமல் இல்லை. மனமில்லாமல் மூன்று மாதம் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் தாராவியில் சொந்தமாகப் பட்டறை போட்டு, நாற்பது வருடமாகக் கிழிந்த ஸ்பீக்கர்களைப் பாட வைக்கிறேன். செம்பூர் பாட்டுக்காரர்கள் இந்தச் சுடலை அண்ணாச்சியின் காதைத் தேடித்தான் வருவார்கள். பாய் அப்படியல்ல. தகரம் நசுக்கும் மிஷின் பக்கத்தில் இருபது வருடம் நின்று காது மந்தமானவர். அதற்குப் பிறகு அவர் பிடித்த தொழில், பழைய ஸ்பீக்கர் வியாபாரம்! பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பூனையின் மூச்சைத் தடவிப் பார்ப்பவர் போல இருக்கும்.

கிதார் வாசிக்கும் செம்பூர் ரஞ்சனாவின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரும் எரிந்துபோயின. மாற்றுவதற்கு ஒரே மாதிரி இரண்டு கேட்டேன். பாய் மறுத்துத் தலையசைத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணு சுருக்குன்னு இருக்கட்டும், ஒண்ணு கதகதன்னு இருக்கட்டும். ஆனா பலம் மட்டும் சமமா இருக்கணும். இல்லன்னா ஒண்ணு மத்ததை முழுங்கிரும்."

அவர் தேர்ந்து கொடுத்த ரெண்டும் எட்டு ஓம்தானா என்று மீட்டரில் நானே பார்த்து மாட்டினேன். வாசித்தால் வெறும் தகரச் சத்தம்.

"அங்கிள், என் கிதாருக்கு ஜலதோஷமா?" என்று கேட்டுவிட்டு, ரஞ்சனா பெட்டியை என்னிடமே விட்டுப் போனாள். எனக்கா இந்த அவமானம்? சரக்கு மோசம் என்று பாயின் பணத்தை நிறுத்தினேன்.

மே மாதக் கடைசியில் பாய் வந்தார்.

"கோடவுன் கூரை ஓட்டை, அண்ணாச்சி. மழை விழுந்தா காகிதமெல்லாம் ஊறி நாப்பது ஸ்பீக்கர் செத்துரும். துட்டைக் குடுங்க."

"என்ன வே, செவிட்டுச் சரக்கைக் குடுத்துட்டு துட்டு வேற கேக்கீரு?" என்று அவர் காதருகில் கத்தினேன்.

அவர் பெட்டியின் முகப்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு கூம்புகளிலும் மெல்லக் கை வைத்தார்.

"ஒரு பேட்டரி செல்லை ஒயர்ல தொடுங்க."

தொட்டேன். டப். சாக்குத் திரை வழியே கசிந்த வெயிலில் தூசி எழுந்து மிதந்தது. பாய் கனவில் சிரிப்பவர் போலச் சிரித்தார்.

"ஒண்ணு என்னைத் தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டும் சண்டை போட்டா பாட்டு எங்கேருந்து வரும்?"

ஒன்று பழைய சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர். அதில் பிளஸ் முனையைக் காட்டும் சிவப்புப் புள்ளி நேர்மாறான முனையில் இருந்திருக்கிறது. புள்ளியை நம்பி ஒயர் கட்டியவன் நான். செல் வைத்துப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்று இருந்துவிட்டேன். வேறொருவனாக இருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். நான் ஒப்புக்கொண்டேன்.

ஒயரை மாற்றி, சோதிப்பதற்கென்று பட்டறையில் வைத்திருக்கும் கிதாரின் தடித்த கம்பியை ஒருமுறை மீட்டினேன். தரைக்கு அடியில் மேகம் உருள்வது போல ஒலி வந்தது. டீ கிளாஸ் நடுங்கியது, என் விலா நடுங்கியது. பாய் கண்ணை மூடியபடி, கையை எடுக்காமல் நின்றார். ஒலி அடங்கி வெகுநேரம் கழித்தே எடுத்தார்.

கல்லாவைத் திறந்தேன். அவருக்குக் கேட்கும்படி உரக்க எண்ணி, பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தேன்.