திரும்பி வந்த பணம்

வண்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு அண்டாவையும் தாமோதரன் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கணீரென்றால் சரி. சத்தம் செத்து வந்தால் எங்கேயோ கீறல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். "இன்னா அண்ணாத்த, கல்யாண வூட்ல எங்கனா கீழ போட்டுட்டீங்களா?" என்பார், கோபமே இல்லாமல். அந்தக் கோபமில்லாத கேள்விக்குப் பயந்தே பலர் கரண்டி ஒன்று குறைந்தால்கூடக் கடையில் புதிதாக வாங்கிச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் இருக்கிறது அவருடைய வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தவலை, ஜல்லிக் கரண்டி, ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி என்று கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருப்பார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ கருமாதியோ, இவர் சாமான் போய் இறங்கிய பிறகுதான் அடுப்பு பற்றும். போன இடத்தில் அதில் பிரியாணி கிண்டினார்களா, பாயசம் காய்ச்சினார்களா, பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனாரா, எதையும் கேட்க மாட்டார். "போன சாமான் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்துச்சா? வந்துச்சு. அப்பால இன்னா பேச்சு?" இதுதான் அவருடைய நியாயம். நல்ல நியாயந்தான். அதை வைத்துத்தான் மனிதர் வீடு கட்டினார், மகள் அனுவைப் படிக்க வைத்தார்.

அனு உணவு அறிவியல் படித்தவள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் கொடுத்து, கட்டணத்தில் பாதியைத் தள்ளியும் கொடுத்தது. செய்தி வந்த அன்று தாமோதரன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மகளை எதிரில் உட்காரவைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். விருந்துக்குப் போடும் கணக்கேதான். "ஒரு தலை. ஒரு வருசம். இன்னா ஆவும், சொல்லு." அரிசி கிலோ என்ன விலை, ரூம் வாடகையில் கரண்டு சேர்த்தியா, பஸ்ஸுக்கு மாதப் பாஸ் உண்டா என்று ஒன்று விடவில்லை. முடி வெட்ட நம் காசுக்கு ஆயிரத்தைந்நூறு ஆகும் என்றாள் அனு. "அப்ப வெட்டாத. பின்னிக்கோ," என்று அந்தச் செலவை அங்கேயே தீர்த்தார். கடைசியில் வந்த தொகைக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் போட்டார். "நூறு பேருன்னு சொன்னா நூத்தி இருவதுக்கு உலை வெக்கணும்மா. அதான் தொழிலு." சதுரங்கப்பட்டினம் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று அவ்வளவையும் தன் வங்கிக் கணக்கில் போட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அத்தனை நேர்த்தியாகப் போட்ட கணக்கு அது. அதில் ஒன்றே ஒன்றுதான் இல்லை. தாய்மாமன் சீர்.

கடப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கை அம்சா திடீரென்று போன் செய்தாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. மாமியார் வீட்டில் தேதி குறித்துவிட்டார்கள். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கம்மல், பட்டுப்பாவாடை, வரிசைத் தட்டு எல்லாம் மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். தட்டு நாலு குறைந்தால் அதை அம்சா ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதையெல்லாம் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டால் தாமோதரன் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். "சீரைப் போய் யார்னா செலவுன்னு சொல்வாங்களா?"

அனு அப்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பா, விசாவுக்குக் காட்டுற பணம் இருபத்தெட்டு நாள் அப்படியே இருக்கணும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது." தாமோதரன் தலையாட்டினார். கேட்கவும் கேட்டார். ஆனால் அவர் காதில் அது, கடைசி நாளில் பணம் இருக்க வேண்டும் என்றுதான் விழுந்தது. இடையில் எடுத்துத் திரும்ப வைத்தால் என்ன, தவலை ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டு வருவதில்லையா? மனைவி ஜோதிலட்சுமிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கொயந்த பணத்துல கை வெக்காதய்யா," என்றாள். "ஒரே வாரம். மூணு கல்யாணத்து அட்வான்சு வந்துகினு கீது. வந்ததும் வெச்சிட்றேன், வுடு."

காதுகுத்தன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும். மேளத்துக்கு முன்னால் பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க நடந்தார். குழந்தை வீறிட்டு அழுதபோது அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்சாவின் மாமியார் தட்டுகளைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அதைவிட ஒரு அண்ணனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும். சொன்னபடி ஒரு வாரத்தில் பணத்தைத் திரும்பப் போட்டார். ஆயிரம் ரூபாய் சேர்த்தே போட்டார்.

வங்கியில் கொடுத்த ஸ்டேட்மென்டில் பக்கம் பக்கமாக வாடகை வரவு. நூறு, இருநூறு என்று ஜிபே செய்த சில்லறை வரிகள். அனு முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், தொகை சரியாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டாள். விசா மறுத்துப் பதில் வந்தபோது வகுப்பில் சேரக் கடைசித் தேதிக்கு நாலைந்து நாள்தான் பாக்கி. மறுபடி விண்ணப்பிக்க நேரமில்லை. அடுத்த வருஷம் வரலாம், ஆனால் இந்தக் கட்டணச் சலுகை அப்போது கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதியது. சலுகை இல்லாவிட்டால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதோடு போயிற்று.

தாமோதரனுக்கு முதலில் புரியவே இல்லை. ஓட்டமாக வங்கிக்குப் போய் பாஸ்புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து எடுத்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கிற்று. "பணம் கீதும்மா. பாரு, முழுசா கீது. இத போட்டோ புடிச்சி அவங்களுக்கு அனுப்பு."

அனு அந்தப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப இருக்கான்னு அவங்க கேக்கலப்பா. நடுவுல இல்லாமப் போச்சான்னுதான் கேட்டாங்க."

அவர் அப்படியே கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்துவிட்டார். ஜோதிலட்சுமி நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அவருக்குத் திருப்பிக் கத்தவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். "நானும் நடுப் பக்கத்தப் பாக்கலப்பா," என்றாள் அனு. "அத்தைகிட்ட சொல்லாத. அந்தச் சின்னப் பொண்ணு பாவம்." அம்சாவுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் பொண்ணுக்கு ஏனோ விசா கிடைக்கவில்லை, அங்கே கெடுபிடி அதிகமாம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனில் அவள் அப்படி இங்கிலாந்துக்காரர்களைத் திட்டும்போது தாமோதரன் "ம்" கொட்டுவார்.

அந்தப் பணம் இப்போதும் வங்கியில் இருக்கிறது. கடைக் கூரை ஒழுகுகிறது, அதிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமே என்றாள் ஜோதிலட்சுமி. மாட்டேன் என்றுவிட்டார். இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லாத பணம். அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் அவருக்குக் கை வரவில்லை. கடையில் புதிதாக ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. சாமான் எல்லாம் சரியாகத் திரும்பிய பிறகும், "நடுவுல வேற எங்கனா போச்சா?" என்று கேட்கிறார். வாடிக்கைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. "பெரியவருக்கு வர வர பேஜார் ஜாஸ்தியாயிட்ச்சி," என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். அவரும் கூடச் சிரிக்கிறார். பாவம், சிரிக்க வரவில்லை என்பது கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அனு மறைமலைநகரில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மாவில் ஈரம் எத்தனை, எண்ணெய் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்வதற்கில்லை. தினமும் காலையில் தாமோதரன் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து செங்கல்பட்டு போகும் டவுன் பஸ்ஸில் விடுகிறார். முன்பெல்லாம் பைக்கில் போகும்போது அவர் வாய் ஓயாது. எதிரில் வரும் ஆளையெல்லாம் நிறுத்தி, "பொண்ணு லண்டன் போவுது," என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அவள் போகவிருந்த ஊர் லண்டனே இல்லை.

அந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. பஸ் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. ஜோதிலட்சுமி வாரத்துக்கு இரண்டு தடவை அதில் போய்வருகிறாள், தாமோதரனுக்குத் தெரியாததில்லை. இருந்தும் அனு ஜன்னலோரம் உட்கார்ந்ததும் குதிகாலைத் தூக்கி எக்கி நின்று, ஒரு இருபது ரூபாய்த் தாளைக் கம்பிக்குள் நீட்டுவார். "டிக்கெட்டுக்கு வெச்சிக்கம்மா." அனு ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. குனிந்து வாங்கி, நாலாக மடித்து, கைக்குள் வைத்து மூடிக்கொள்வாள்.