ஒண்ணுமில்லீங்க, சிஸ்டர்!

எனக்கு ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார வராது. அப்படிப்பட்டவளைப் போய் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காரச் சொன்னால்?

போன வாரம், தஞ்சாவூரில். என் நாத்தனார் செல்விக்கு வலங்கைமான் பக்கம் விவசாயம். ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் டிரிப்ஸ்.

காப்பிக் கலரில் மருந்து... சொட்டு, சொட்டு. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கும் வராந்தாவுக்கும் நடந்தேன். வயலில் நடவு ஆட்கள் இறங்கியிருந்ததால் செல்வியின் போன் வேறு விடாமல் அடித்தது.

"கொஞ்சம் வேகமா விடக் கூடாதா?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"கூடாதுங்க. உடம்புக்கு ஒத்துக்காம போயிடலாம்" என்றவர், செல்வியிடம் குனிந்தார். "அரிப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம்... ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க, சிஸ்டர்."

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், செல்வியின் கை நெஞ்சுக்குப் போனது. முகம் சிவந்திருந்தது.

"என்னடி பண்ணுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நெஞ்சு லேசா அடைக்குது, அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்து டிரிப்ஸை நிறுத்தினார். டாக்டர் வந்தார். பிரஷர், நாடி எல்லாம் பார்த்தார்கள். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிட்டது.

"ஏம்மா சொல்லல?" டாக்டருக்குக் கோபம்.

"நிறுத்திட்டா இன்னொரு நாள் வரணுமே சார்... நடவு கெடக்குது."

அடிப்பாவி! நாற்றின் மேல் இருக்கிற அக்கறை உயிர் மேல் இல்லையா? ஆனால், நம் வீட்டுப் பெண்களிடம் வேறு என்ன பதில் வருகிறது, சொல்லுங்கள். காய்ச்சலா? ஒண்ணுமில்ல. கையில் சூடு பட்டுவிட்டதா? ஒண்ணுமில்ல. மருந்தை எவ்வளவு பத்திரமாக ஏற்றினாலும், படுத்திருப்பவர் வாயைத் திறக்காவிட்டால் யார்தான் என்ன செய்வது?

டாக்டர் பக்கத்தில் நிற்க, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

"இப்ப எப்படி இருக்கு? 'ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

செல்வி விழித்தாள். வேறு பதில் பழக்கமில்லையே!

"நெஞ்சு சரியாயிடுச்சுங்க..." கொஞ்சம் யோசித்தாள். "பசிக்குது. அண்ணி குறுக்கும் நெடுக்கும் நடக்கறதப் பாத்தா தலை சுத்துது. வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்குனாலே மூச்சு வாங்குதுங்க... ரொம்ப வருஷமாவே முடியல, சிஸ்டர். அவருகிட்டகூட சொன்னதில்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நான் நடப்பதை நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு 'ஒண்ணுமில்ல'வுக்குள் இத்தனை இருந்திருக்கிறது!