பக்கத்து இருக்கைக்காரர்

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மாஸ்டர் முதலில் திட்டுவார். சீட் பெல்ட் எல்லாம் அதற்கப்புறம்தான். "கண்ணாடியச் சரி பண்ணீங்களா? உங்க மூஞ்சியப் பார்த்துக்க இல்லம்மா அது. பின்னாடி வர்ற எமனைப் பார்க்கிறதுக்கு." வண்டி கிளம்பும் முன்பே கற்க வந்தவருக்குப் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதி உயிரோடுதான் ஓட்ட வேண்டும்.

மாஸ்டருக்கு வயது அறுபத்தொன்பது. முப்பத்தெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அதாவது, முப்பத்தெட்டு வருடமாக ஸ்டீயரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்துகொண்டு ஊரையே ஆட்டிவைக்கிறார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்பவர் சொதப்பினால் அவர் மிதிப்பார். "உங்க உசுரு என் வலது கால்ல இருக்கு" என்பது முதல் நாள் பாடம். அதைக் கேட்டுக் கும்பிடாத குறையாக நிற்பார்கள். தன்னிடம் கற்காதவர்கள் தெருவில் எப்படி ஓட்டினாலும், "இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான்?" என்று கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார்.

சமீபத்தில் மாஸ்டரின் பாடத்தில் சில புதுமைகள் புகுந்திருக்கின்றன. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கு ஆள் பட்டம்: ஒருவர் "கிளட்ச் கொலைகாரர்", இன்னொருவர் "ரிவர்ஸ் ராணி". பெயர் நினைவுக்கு வராத நாளில் பிறந்த ஏற்பாடு இது. கேட்டவர்கள் சிரித்ததால் நிலைத்துவிட்டது. இரண்டாவது புதுமை, வழியைக் கற்பவரே சொல்ல வேண்டும். "நாளைக்குத் தனியா ஓட்டும்போது நானா வந்து வழி சொல்லப்போறேன்? நீங்களே சொல்லுங்க, இடதா வலதா?" என்ன அருமையான முறை, தன்னம்பிக்கை வளர்கிறது என்று ஊரே மெச்சியது. தபால் நிலையச் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்பினால் பயிற்சி மைதானம் வரும் என்பது ஆறு மாதமாக அவருக்கே சந்தேகமாக இருக்கிறது என்பதை ஊர் எப்படி அறியும்?

முகமும் மாறியிருக்கிறது. முன்பு திட்டிவிட்டு ஓரமாக ஒரு சிரிப்பை அவிழ்த்துவிடுவார். இப்போது உள்ளே சிரித்தாலும் முகம் அசைவதில்லை. "மாஸ்டர் ரொம்பக் கண்டிப்பாயிட்டாரு" என்று பயப்படுகிறார்கள். அது அவருக்கு ஒரு வகையில் பெருமைதான். குரல் இறங்கிவிட்டது; அது அவர் மனைவியின் காதுக் கோளாறு. எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. அது பேனாவின் குற்றம். வலது செருப்பு தரையைத் தேய்த்துத் தேய்த்து நுனி கரைந்துவிட்டது. இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகச் செருப்பு செய்கிறான்? அவரிடமே ஓட்டக் கற்று, இப்போது பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தைக் கவனிக்கும் மகள் ஒருநாள் அவருடைய பதிவேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது எழுத்தா, எறும்பா?"

"கண்ணாடி மாத்து. எழுத்து நல்லாத்தான் இருக்கு."

உலகம் முழுவதும் பழுதாகி, தான் ஒருவன் மட்டும் சரியாக இருப்பதாக மாஸ்டர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கைக் கலைக்க வந்தவர்தான் நர்ஸம்மா.

நாற்பத்தாறு வயது, பெரிய மருத்துவமனையில் முதியோர் பிரிவில் வேலை. பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போய் ஓட்டக் கற்க வந்தார். சாலையைப் பார்க்கச் சொன்னால் மாஸ்டரைப் பார்ப்பார். பதினெட்டு வருடப் பழக்கம், கண்ணை என்ன செய்வது? மூன்றாம் நாள், ஏற்றத்தில் வண்டி திணறியது.

"மாஸ்டர், ஏதோ கருகுது. உங்களுக்கு வாசனை வரலையா?"

"மூக்கால ஓட்டாதீங்க. கண்ணால ஓட்டுங்க."

என்ஜின் மூடியிலிருந்து புகை வந்த பிறகுதான் அவர் நம்பினார். அப்போதும், "நான்தான் முன்னாடியே சொன்னேனே" என்றார். நாலு நாள் கழித்து, வண்டியை நோக்கி அவர் நடந்து வந்ததைப் பார்த்து நர்ஸம்மா மறுபடியும் ஆரம்பித்தார்.

"இடது கை வீசுது, வலது கை ஆடவே மாட்டேங்குதே மாஸ்டர்?"

"கை வீசி நடக்க நான் என்ன அணிவகுப்பா போறேன்?"

நர்ஸம்மா அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. மகளிடம் பேசினார்.

மகள் அழைத்துப்போன டாக்டர், அவளைவிடச் சின்னப் பெண். அதுவே மாஸ்டருக்கு முதல் அவமானம். ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னாள். ஆயிரக்கணக்கானவர்களை வியர்க்க வைத்த மனிதர், பள்ளிப் பையன் மாதிரி மேசை ஓரத்தில் உட்கார்ந்து விரல் தட்டினார். இடது கை சரியாகத் தட்டியது. வலது கை நன்றாக ஆரம்பித்து, போகப்போகச் சுருங்கி, அலுத்துக்கொண்டு நின்றது. கடிகாரத்தின் எண்களெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்தன. "டிராஃபிக் ஜாம்" என்றார் மாஸ்டர். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் முகமும் சிரிக்கவில்லை.

"அந்த அஞ்சு வார்த்தையைச் சொல்லுங்க ஐயா."

"ரோஜா, குடை, யானை." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "மத்த ரெண்டும் அவ்வளவு முக்கியமில்லைன்னு விட்டுட்டேன்."

ஞாபகத்தில் லேசான குறை இருக்கிறது, வலது பக்கம் சற்றுத் தாமதமாக வேலை செய்கிறது, ஸ்கேன் எடுத்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும், அதுவரை வண்டியில் பாடம் வேண்டாம் என்றாள் டாக்டர். இவ்வளவு நீளமான பேச்சில் மாஸ்டரின் காதில் விழுந்தது 'லேசான' மட்டும். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பாஸ்" என்றார். மகளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனால் அந்த மாதம் முழுக்க ஆட்களுக்கு நேரம் கொடுத்தாகிவிட்டது. "இந்த மாசம் மட்டும்ப்பா, பார்த்துப் போங்க" என்றாள். பாசம் இருந்தது, வசதியும் கூடவே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, சந்தைத் தெரு முனையில், கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் இரு பக்கமும் பார்க்காமல் இறங்கினார். நர்ஸம்மா பதறி, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி சீறியது.

மாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார். கிழவரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைக்கூடப் பார்த்தார். மிதி என்று காலுக்கு உத்தரவும் போட்டார். கால் வரவில்லை. இத்தனை வருடமும் கூப்பிடும் முன்பே வந்து நின்ற கால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் சும்மா கிடந்தது. அந்த இடைவெளி ஒரு கொட்டாவி நேரம்கூட இருக்காது.

நர்ஸம்மா தானாகவே காலை மாற்றி மிதித்தார். கிழவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி நின்றது. கிழவர் கைத்தடியால் முகப்பில் ஒரு தட்டுத் தட்டி, "கண்ணு தெரியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"சபாஷ்!" என்றார் மாஸ்டர். "வேணும்னேதான் விட்டேன். நீங்களே மிதிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

அவர் சொல்லி முடித்தபோது, நின்றுவிட்ட வண்டியில், அவர் காலடியிலிருந்த பிரேக் மெல்ல அமுங்கியது. இருவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

நர்ஸம்மா வண்டியை ஓரமாக ஒதுக்கினார். மாஸ்டர் அந்தத் தணிந்த குரலில், "என் பொண்ணுக்கு ஒரு போன் போடுங்கம்மா" என்றார். "நம்பர்..." என்று தொடங்கி நிறுத்தினார். நர்ஸம்மாவின் போனிலேயே அந்த எண் இருந்தது.

மகள் வாடகைக் காரில் ஓடி வந்தாள். "என்னாச்சுப்பா? அடி பட்டுச்சா?"

"ஒண்ணும் ஆகல. நீ இங்க உட்காரு. அவங்களுக்கு இன்னும் இருபது நிமிஷப் பாடம் பாக்கி இருக்கு."

"நீங்க?"

மாஸ்டர் இறங்கினார். வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளினார். பிறகு இரண்டு கைகளாலும் வலது காலைத் தூக்கி, இருக்கை மேல் மடித்து வைத்துச் சம்மணமிட்டுக்கொண்டார்.