எக்ஸ்சேஞ்ச் சாரை யார் கூப்பிடுவது

ஏழு மாதம் அந்த மனிதரை நான் கூப்பிடவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்தால் பரவாயில்லை. மறக்கவும் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டி, நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். என் வாய் அப்படி. மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க "டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாது" என்று மல்லுக்கட்டி மல்லுக்கட்டி நீண்டுபோன வாய்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் அவருக்குப் பட்டப்பேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், சுருக்கமாக எக்ஸ்சேஞ்ச். நாங்கள் படித்த பல்கலைக்கழகம் இங்கிருந்து எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் இருநூறு பேருக்கு மேல் தேறுவோம். ஒரு பேட்மின்டன் கிளப்பின் மாடி ஹாலில் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை டீ, வருஷத்துக்கு ஒரு வினாடி வினா, ஒரு சுற்றுலா, ஆண்டு விழாவுக்கு மதியச் சாப்பாடு. இவ்வளவுதான் சங்கம். இதற்கெல்லாம் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு "வர்றீங்களா?" என்று கேட்பது எக்ஸ்சேஞ்ச் சாரின் வேலை. பதினாலு வருஷம் அவர்தான் கேட்டார்.

நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டிலில் வந்த தண்ணீரை முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மருந்து சொட்டு விட்டு, நிறத்தை எழுதி வைக்கிற வேலை. அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் ஹாலில் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாலும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "பாஸா ஃபெயிலா சார்?" என்று கேட்டுச் சிரிப்போம். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த அம்மா இருந்தவரை, "போதும், வைங்க, சாப்பாடு ஆறுது" என்று பக்கத்திலிருந்து குரல் கேட்கும். அப்புறம் அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால் அவருடைய போன் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. ஒருவரிடம் முழங்கால் எப்படி இருக்கிறது, இன்னொருவரிடம் மகள் பரீட்சை என்ன ஆயிற்று, வேறொருவரிடம் மாடி வீட்டுக்காரன் சண்டை தீர்ந்ததா என்று எல்லாம் கேட்பார். எனக்கு வேலை நேரத்தில் கூப்பிட்டால் எரிச்சலாக வரும். "பார்க்கிறேன் சார், பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவேன்.

போன வருஷம் வந்த புதுத் தலைவர் கட்டட என்ஜினீயர். சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை முழுசாகப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பொறுப்பும் ஒருவரிடம் ஆறு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம். எக்ஸ்சேஞ்ச் சாருக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, கை தட்டி, அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். அன்றைக்கு நான் டீ எடுக்க எழுந்து போயிருந்தேன். இல்லாவிட்டால் விட்டிருப்பேனா?

மறுநாளே அவர் என் கடைக்கு வந்தார், கெட்டி அட்டை போட்ட நீள நோட்டோடு. படித்து முடித்த வருஷ வாரியாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பேருக்கும் எதிரே மூன்று கட்டம். வருகிறார், வரவில்லை, மறுபடி கேட்கணும்.

"செவ்வாய், புதன்ல முதல் ரவுண்டு போட்டுடுங்கம்மா. பார்க்கிறேன்னு சொன்னவங்களை மட்டும் வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடணும். அதை விட்டுடாதீங்க" என்றார்.

"வர்றதுன்னா வர்றேன்னு சொல்லணும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். இதென்ன சார் இழுவை?"

"வரப்போறோமா இல்லையான்னு அவங்களுக்கு அப்பவே தெரியும்மா. இன்னொரு தடவை போன் வரட்டுமேன்னுதான் அப்படிச் சொல்றது."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவுன்டரில் ஒருத்தர் இருமல் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். நோட்டை வாங்கி மாத்திரைப் பெட்டிகளுக்கு மேல் வைத்துவிட்டு அவரைக் கவனிக்கப் போனேன். எக்ஸ்சேஞ்ச் சார் அந்த நோட்டைக் கொஞ்சம் நேராகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒற்றை ஆளாக யாரால் கூப்பிட முடியும்? என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருத்தி இங்கே ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். அவளைப் பிடித்தேன். நோட்டைப் பிரதி எடுத்து, இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். முதல் வேலையாக அந்த மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டேன். பார்க்கிறேன் என்றால் வரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். பதினாலு வருஷமாக நாலு நாள் இழுத்த வேலையை ஒன்றரை நாளில் முடித்துவிட்டோம் என்று கமிட்டியில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அந்த மாதம் எக்ஸ்சேஞ்ச் சார் வரவில்லை. அடுத்த மாதமும் காணோம்.

"பார்த்தியாடி, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார்" என்றேன்.

"பொறுப்பு போயிடுச்சுல்ல. ஆம்பளைங்களுக்கு அது தாங்காது" என்றாள் நூலகர்.

அவள் கூப்பிட்டிருப்பாள் என்று நான் நினைத்தேன், நான் கூப்பிட்டிருப்பேன் என்று அவள் நினைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் அவர் கடைக்கு வந்தார். அவர் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவில் வேறு இரண்டு மருந்துக்கடைகள் இருக்கின்றன. அதையெல்லாம் தாண்டி வந்து ரத்த அழுத்த மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார்.

"கூட்டமெல்லாம் நல்லா நடக்குதாம்மா?"

வந்துவிட்டாரய்யா நோட்டம் பார்க்க, என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஜோரா நடக்குது சார். யாரோ ஒருத்தர் இல்லைன்னு எதுவும் நின்னுடுமா?"

"அதானே வேணும்" என்றார். போகவில்லை. மறுபடி அட்டையின் தேதியைப் பார்த்தார். "எல்லாரையும் கூப்பிட முடியுதா? பேரு நிறைய ஆச்சே."

"ஒருத்தர் விடாம கூப்பிட்டாச்சு சார். நீங்க கவலையே படாதீங்க."

"சரிம்மா" என்றார்.

மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். அதற்கப்புறம் மாத்திரைக்கும் வரவில்லை. இன்னொரு கடையைப் பிடித்துவிட்டார், இவ்வளவு ரோஷமா என்று அதற்கும் ஒரு பேச்சுப் பேசினேன்.

ஆண்டு விழாச் சாப்பாட்டுக்கு எங்கள் ஹாலில் படித்த வருஷப்படிதான் மேஜை போடுவோம். ஒவ்வொரு மேஜையிலும் வருஷம் எழுதிய அட்டை இருக்கும். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார், எண்பது வயது. அவர் வருஷத்தில் இங்கே மிச்சம் அவர் ஒருவர்தான். நாலு நாற்காலி போட்ட மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பாயசக் கரண்டியோடு போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னை வெள்ளிக்கிழமை கூப்பிடுவானே, அந்தப் பையன் எங்கே?"

அறுபத்தெட்டு வயதுப் பையன். "அவருக்கு எங்க மேல கோபம் டீச்சர். ஏழு மாசமா வர்றதில்லை."

"நீ கூப்பிட்டியா?"

"இதோ, இவ கூப்பிடுறா" என்று, தட்டு எடுத்துக்கொண்டு வந்த நூலகரைக் காட்டினேன்.

அவள் நின்றுவிட்டாள். "நானா? அவர் உன் பக்கத்துல இல்ல இருக்கார்?"

கணக்கு டீச்சர் ஸ்பூனைக் கீழே வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டு விடை பூஜ்யம் வந்திருக்கு" என்றார். "எனக்கும் ஏழு மாசமா மாசத்துக்கு ஒரு போன்தான். வர்றீங்களா இல்லையான்னு கேட்டுட்டு டப்புன்னு வெச்சுடுறீங்க. நான் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோயிடுது."

பாயசக் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கடைக்கு அன்று விடுமுறை. நேராகக் கடை மாடியில் இருக்கிற என் வீட்டுக்குப் போய் அந்த நோட்டை எடுத்தேன். அவருடைய வருஷத்தைத் தேடினேன். ஐந்து பேர் இருந்தார்கள், அவர் இல்லை. வேறு எங்காவது எழுதியிருப்பார் என்று முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர் பேர் இல்லை. எப்படி இருக்கும்? அவர் எல்லாரையும் கூப்பிடுவதற்காக எழுதிய நோட்டு அது. தன்னைத் தானே கூப்பிடுவதற்கு யார் எழுதி வைப்பார்கள்?

"ஒருத்தர் விடாம கூப்பிட்டாச்சு சார்." அந்த மனிதரின் முகத்துக்கு நேராக நான் சொன்னது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு சரிம்மா என்று படி இறங்கிப் போயிருக்கிறார். என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தேடிக்கொண்டே போனபோது என் பேரும் வந்தது. அதுவரை அந்த வரியை நான் பார்த்ததே இல்லை, எனக்கு நானே போன் பண்ண வேண்டியதில்லையே. பக்கத்தில் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தார். "கோபக்காரர். காலையில் வேண்டாம். அப்பா தவறியது இரண்டாம் மாதம், அந்த வாரம் நலம் மட்டும் விசாரிக்கவும்." எதிரே மூன்றாவது கட்டம் நிறைய, மாதா மாதம் போட்ட சின்னச் சின்ன டிக். மறுபடி கேட்கணும், மறுபடி கேட்கணும். நான் போன கூட்டங்களுக்குக்கூட முதல் போனில் அதையேதான் சொல்லியிருக்கிறேன், வேறு எந்தக் கட்டத்திலும் ஒன்று இல்லை.

எனக்கு வேலை இருந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தவறிய வருஷம் இந்த மாடியில் நான் ஒண்டியாக இருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்தால் ஒரு குரல் கிடையாது. ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன் என்றேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மனிதர் கூப்பிட்டார். நான் வள்ளென்று விழுந்தேன், அடுத்த மாதமும் கூப்பிட்டார். அந்தப் போனுக்காகத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நோட்டில் இல்லாத அவர் நம்பரைச் சங்கத்தின் பழைய நோட்டீஸ் ஒன்றின் அடியிலிருந்து எடுத்தேன். அப்போது மணி நாலு இருக்கும்.

"யாருங்க?" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் "யாருங்க?" என்றார். அன்றைக்கு முழுக்கப் பேசாத தொண்டை.

"நான்தான் சார், மருந்துக்கடை."

பின்னால் ஒரு கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் கொடுத்த கடிகாரமாகத்தான் இருக்கும்.

"உங்க நோட்டுல உங்க பேரு இல்லை சார்" என்றேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. "நாங்க யாரும் உங்களைக் கூப்பிடலை. நம்ம லைப்ரரியன் கூப்பிட்டான்னு நான், நான் கூப்பிட்டேன்னு அவ. வேற ஒண்ணும் இல்லை சார். நான் கடையில பேசினதுக்கு என்னை மன்னிச்சுடுங்க."

"நான் எழுதலையா?" என்றார். யோசித்தார். "எழுதியிருக்க மாட்டேன்தான். தோணவே இல்லை பாருங்க." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன் போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேம்மா. யார்கிட்டேயாவது ஏதாவது சொல்லிட்டேனான்னு ஒவ்வொருத்தரா யோசிச்சுப் பார்த்தேன். ரெண்டாவது வாரம் செவ்வாய், புதன் வந்தா குளிக்கப் போனாக்கூட போனைக் கதவுக்கு வெளிய ஸ்டூல்ல வெச்சுட்டுத்தான் போவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூக்கை உறிஞ்சுவது அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஜலதோஷமாம்மா?"

"ஆமா சார்."

"மருந்துக்கடையிலே உட்கார்ந்துக்கிட்டு ஜலதோஷமா?" என்றார். இந்தத் தடவை சிரிப்பு வந்தது.

நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவருடைய வருஷத்தில் ஐந்தாவது பேருக்குக் கீழே அவர் பேரை எழுதினேன். ஆற அமர, மூன்று கட்டமும் கோடு போட்டேன். "சார், அடுத்த ஞாயித்துக்கிழமை ஏரிக்குச் சுற்றுலா. காலையில ஏழு மணிக்கு கிளப் வாசல்ல பஸ். வர்றீங்களா?"

அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்க்கிறேம்மா" என்றார். "எதுக்கும் வெள்ளிக்கிழமை ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

"கூப்பிடுறேன் சார்" என்று சொல்லி, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.