பெரிய வெள்ளியில் புறப்பட்ட பாட்டு வாத்தியார்

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் வானவர் கீதத்தை வாசித்து முடித்ததும் சவுரியப்பன் வாத்தியார் கீபோர்டைத் துணி போட்டு மூடினார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். சாவதற்கும் இந்த மனிதர் ஒரு நாள் பார்த்தாரே என்று அவர் மனைவி ராயம்மாளுக்கு அழுகைக்கு நடுவிலும் ஆத்திரம் வந்தது.

காரணம் இருந்தது. இயேசு சிலுவையில் இறந்த துக்கத்துக்காக, அந்தக் கீதத்தோடு கோயில் மணியும் வாத்தியங்களும் அடங்கிவிடும். உயிர்ப்புத் திருவிழாப் பூசையில் மறுபடி அதே கீதம் எழும்வரை யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். தொண்டையால் பாடலாம், அவ்வளவுதான். அடக்கப் பூசையும் கிடையாது.

மறுநாள் காலையில் பங்குச் சாமியார் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "திங்கக்கெழம வரைக்கும் வெச்சிருந்தா பூசை, பாட்டு எல்லாம் நல்லபடியா செஞ்சிடலாம்மா."

"கரண்டு வர்றதும் போறதுமா இருக்குது. ஐஸ் பொட்டிய நம்பி எப்படிங்க சாமி வெக்கறது? இன்னைக்கே அடக்கம் பண்ணிரலாம். ஆனா கீபோர்டு வேணுங்க. ஒரே ஒரு பாட்டு போதும்."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "அது மட்டும் முடியாதும்மா."

ராயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாரண்டஹள்ளியைச் சுற்றி எத்தனை கல்லறைத் தோட்டங்களில் அந்த மனிதர் வாசித்திருப்பார். மொபெட்டின் பின்னால் கீபோர்டைக் கட்டிக்கொண்டு, மழையென்றும் பார்க்காமல் கிளம்பிவிடுவார். குடித்துச் செத்தவனுக்கும் வாசித்தார். அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவனுக்கும் வாசித்தார். அப்படிப்பட்டவருக்கு மட்டும் ஊமைச் சாவா?

சாமியாரைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்தக் கட்டுப்பாட்டை ஊரில் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததே வாத்தியார்தான். ஒரு பெரிய வெள்ளியன்று இளைஞர்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டபோது, நேராகப் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தவர். அன்றைக்கு வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அவளை முறைப்பார்.

பள்ளிக்கூடத்திலும் அதே பிடிவாதம்தான். கணக்கு வாத்தியார் பாட்டு பீரியடைக் கேட்டால் கொடுக்கவே மாட்டார். அதற்காகச் சண்டை போட்டே பல தலைமை ஆசிரியர்களைப் பகைத்துக்கொண்டார். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள், பரீட்சை என்றாலே நடுங்குகிற பிள்ளைகள், எல்லாரும் அந்த ஒரு பீரியடில் நிமிர்ந்து நிற்பார்கள். பத்தாவதில் பெயிலாகி நின்ற தமிழ்ச்செல்வன் கையில் டிரம்பெட்டைக் கொடுத்தவர் அவர்தான். இப்போது அவன் பாலக்கோட்டில் சொந்தமாக பேண்டு செட் நடத்துகிறான்.

சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் அந்த பேண்டு செட் வேனில் வந்து இறங்கியது. அத்தனை பேரும் வாத்தியாரிடம் படித்தவர்கள். ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. பெரிய வெள்ளியின் கட்டுப்பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்? தமிழ்ச்செல்வன் டிரம்பெட்டை வாயில் வைத்ததும், பாடற்குழு ஆண்டோ ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

"இன்னைக்கு மோளம், டிரம்பெட்டு ஒண்ணும் கூடாதுங்க. கெளம்புங்க."

"எங்க சாருக்கு நாங்க வாசிக்காம வேற யாரு வாசிப்பா? கைய எடுப்பா."

இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் டிரம்மைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்தான். அந்தத் தள்ளுமுள்ளில் தோள்களில் இருந்த பெட்டி ஆடியது.

தமிழ்ச்செல்வன் கையை உதறிக்கொண்டு ராயம்மாளிடம் வந்தான். "நீங்க சொல்லுங்கம்மா. வாசிக்கச் சொன்னா எவன் தடுத்தாலும் வாசிப்போம்."

சாமியாரும் அவளைத்தான் பார்த்தார். அவள் ஆசைப்பட்டது வாசலுக்கே வந்து நிற்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா," என்றாள் கடைசியில். "நீங்க வாசிச்சா அந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து என்னையத்தான் வைவாரு."

யாரும் சிரிக்கவில்லை. டிரம்மைப் பிடித்திருந்தவன் கையை விட்டான். தமிழ்ச்செல்வன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். மற்றவர்கள் அவன் பின்னால் வரிசை கட்டினார்கள். டிரம்பெட்டை உதட்டருகே பிடித்து, ஊதாமல், விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டு அவன் நடந்தான். டிரம் குச்சிகள் தோலில் படாமல் ஏறி இறங்கின. டிரம்பெட்டின் பட்டன்கள் அமுங்குகிற டக் டக் சத்தம் மட்டும் கேட்டது.

அது எந்தப் பாட்டு என்று ராயம்மாளுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஓர் அடக்கப் பாட்டை எடுத்தாள். சுதி சேராது என்று அவளை ஒருநாளும் பாடற்குழுவில் சேர்க்காதவர் அவர். சமையல் செய்துகொண்டே முணுமுணுத்தால்கூட, "கீழ போற, கீழ போற" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும். இன்றைக்கு அவள் வாய்விட்டுப் பாடினாள். முதல் அடியிலேயே சுதி இறங்கியது. அது அவளுக்கே தெரிந்தது. பெட்டியின் பக்கத்தில் போய் இன்னும் சத்தமாகப் பாடினாள். யாரும் திருத்தவில்லை.