பின்சக்கரத்தில் இருந்தவர்

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குக் கருமாதி முடிந்து, லோரி மறுபடியும் விறகு ஏற்றிக்கொண்டு வந்த முதல் நாளில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் பலகை வீடு. வாசலுக்கு வண்டி திரும்பும்போது இடது பின்சக்கரத்திலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்தது. வேகம் குறையக் குறைய அதுவும் தணிந்து, வண்டி நின்றதும் அடங்கிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வெளியே வந்தார்.

“வந்துட்டாங்க” என்றார்.

அக்கா என்று நான் சொல்வது செத்துப்போனவரின் மனைவியை. எனக்கு ஓரகத்தி. அவர் புருஷன், அதாவது என் மூத்தார், வண்டி ஓட்டும்போது வாயைத் திறக்கமாட்டார். மூக்காலேயே ஒரு பாட்டை முனகிக்கொண்டு வருவார். பாட்டு என்று நான் சொல்வது மரியாதைக்கு. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஆனால் அக்கா அந்த முனகலை ரோட்டு முனையிலேயே கண்டுபிடித்து உலையை இறக்குவார். அந்த மனுஷி ‘வந்துட்டாங்க’ என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? முதுகுத்தண்டில் ஈரத்துணி வைத்த மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் சிரித்துச் சமாளித்தார். காரணம் அவருக்குத் தெரியும். அண்ணன் மலேரியாக் காய்ச்சலில் கிடந்த சமயம் ஆறு பெருகி, வாசலில் நின்ற லோரியின் பின் அச்சு முழுக்கத் தண்ணீரில் முங்கியிருந்தது. ஆளைப் பார்ப்பதா வண்டியைப் பார்ப்பதா? அப்படியே விட்டுவிட்டோம். அவரை எரித்துவிட்டு வந்த பிறகுதான் வண்டியை இழுத்து மேட்டில் நிறுத்தினோம்.

“தண்ணி உள்ள போயிருக்கு, அண்ணி. பேரிங் துருப்பிடிச்சிருக்கு. அதான் கத்துது” என்றார்.

அக்கா தலையாட்டினார். ஆனால் மறுநாளிலிருந்து, சுள்ளி பொறுக்க வருகிறேன் என்று சொல்லி லோரியில் ஏறிக்கொண்டார்.

அந்த லோரி, அண்ணன் தம்பி இருவரும் ஓர் ஈயச் சுரங்கத்தில் வாங்கிய பழைய வண்டி. உலு கிள்ளான் பக்கம் ரோடே இல்லாத காட்டுக்குள் போகும். செம்மண் சேற்றில் புதைந்து, ஓடையில் இறங்கி ஏறி விறகு கொண்டுவரும். அண்ணன் இருந்தவரை அவர் ஓட்ட, என் வீட்டுக்காரர் கெலிண்டானாக, அதாவது வண்டியின் கையாளாக, இருந்தார். அண்ணன் போனபின் ஓட்டுவது என் வீட்டுக்காரர் என்றானது; கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லாமல், சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும் கயிறு கட்டவும் நானே கெலிண்டான் ஆனேன். ஆக முன்னால் நாங்கள் இருவர், பின்னால் விறகுக் குவியலின் மேல், இடது சக்கரத்துக்கு நேராக, வெள்ளைப் புடவையில் அக்கா. வழியோரக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், பிள்ளைகள் எங்கள் வண்டியைக் கண்டதும் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார்கள். மரம் வெட்டும் சீனர்கள் சுமை ஏற்றுவதற்கு முன் சக்கரத்துக்கு எதிரில் ஊதுபத்தி குத்திவைக்கத் தொடங்கினார்கள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், மலைச்சரிவில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க என் வீட்டுக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டார். அதுவரை என்ஜின் இரைச்சலில் பாதி மறைந்திருந்த சத்தம் தனியாக வெளியே வந்தது. காடு அமைதியாக இருந்தது. அந்த முனகல் மட்டும் வளைவுகளில் உயர்ந்தும் நேர்பாதையில் தாழ்ந்தும் எங்கள் கூடவே இறங்கியது. பின்னாலிருந்து அக்கா அதோடு சேர்ந்து முனகினார். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தன. என் வீட்டுக்காரர் சட்டென்று என்ஜினைக் கிளப்பினார்.

“ஞாயித்துக்கெழம பேரிங்க மாத்திடுவோம்” என்றார்.

பத்து ரோடு என்கிற தெருவில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் கடையில் புது பேரிங் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்வே சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, ஜாக்கியால் அச்சைத் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றி, அச்சுத்தண்டை உருவி, சக்கரக் குடமான ஹப்பை இழுத்து வெளியே எடுத்தார். பழைய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் குண்டுகளெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தன.

“பாத்தியா? இதான் பேய்” என்று எனக்குக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது.

உள்ளே இறுகியிருந்த வளையம் வர மறுத்தது. நான் பித்தளைக் கம்பியை அதன் விளிம்பில் பிடிக்க, அவர் சுத்தியலால் அடித்தார். முதல் அடிக்கு அடுப்படியிலிருந்து ‘ஆ’ என்று ஒரு குரல் வந்தது. இரண்டாவது அடிக்கும் வந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடிக்காமலும் முடியாது. வளையம் கழன்று விழும்வரை ஒவ்வொரு அடிக்கும் அக்கா வலியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டேதான் வேலை பார்த்தோம்.

புது வளையத்தைப் பொருத்தி, பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி நிரப்பிவைத்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஹப்பைச் சாக்கால் மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். அக்கா கொஞ்சம் கழித்துத்தான் உள்ளே வந்தார். கை மணிக்கட்டுவரை கிரீஸ்.

“சாக்கு வெலகிக் கெடந்துச்சு. மூடிட்டு வந்தேன்” என்றார்.

மழை விட்டதும் எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். அன்று ஓட்டிப் பார்த்தபோது வண்டி வாயே திறக்கவில்லை. நான் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஆனால் அக்கா மறுநாளும் பின்னால் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தார். பாவமாக இருந்தது.

“இப்பச் சத்தமே இல்லியேக்கா. மனசுக்குக் கஷ்டமா இருக்கா?” என்று கேட்டேன்.

“தூங்குறாங்க. எந்திரிப்பாங்க” என்றார்.

எழுந்துகொண்டார். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கிள்ளானுக்குச் சுமை கொண்டுபோன ஒரு காலையில், இடது பின்சக்கரம் மறுபடி முனகியது. முன்பு மூக்கால் வந்த சத்தம் இப்போது தொண்டையிலிருந்து வந்தது. கரகரவென்று, கோபத்தோடு. இறங்கி ஹப்பில் எச்சில் தொட்டு வைத்தேன். சுர்ரென்றது. அக்கா மேலிருந்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. என் வீட்டுக்காரர் பேரிங்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். காட்டுப் பாதையில் ஒரு நாள், முனகல் உயர்ந்த ஒரு வளைவில், “சரிண்ணே” என்று மெதுவாகச் சொல்லி ஸ்டியரிங்கை ஒடித்தார்.

“யாருகிட்ட பேசுறீங்க?”

“நானா? நான் ஒண்ணும் பேசலையே.”

பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை. அந்த வாரத்தில் இன்னும் சில தடவை அப்படிச் சொன்னார். வீட்டில் கழற்றிப் பார்க்கச் சொன்னால், நாளைக்கு என்பார். நாளைக்குக் கேட்டால், மழை என்பார். சுமையோடு சரிவில் இறங்கும்போது அந்தப் பேரிங் உடைந்தால் சக்கரம் கழன்று ஓடும், லோரி குடைசாயும், ஒரு வண்டி விறகும் அவர்மேல்தான் விழும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

“அண்ணன் ஒண்ணும் ஆகவிடமாட்டாரு” என்றார் கடைசியில்.

முனகலுக்குக்கூட நான் அப்படி நடுங்கியதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வெள்ளைப் புடவை போதும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஜாக்கி வைத்தேன். நட்டுகளின்மேல் ஏறி நின்று மிதித்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை லோரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதைக் குவார்ட்டர்ஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. அதற்குமேல் அவருக்கு மானம் தாங்கவில்லை. வந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார்.

ஹப் கழன்று வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் நாங்கள் வைத்த மஞ்சள் கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. புது குண்டுகள் பழையதைவிட மோசமாகத் தேய்ந்திருந்தன. இரண்டு குண்டுகளுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. என் வீட்டுக்காரர் நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுடுகாட்டில் பால் தெளித்து, அண்ணனின் எலும்பைத் தன் கையால் பொறுக்கிச் சட்டியில் போட்டவர் அவர். அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை இரண்டு விரல் நுனியில் தள்ளிப் பிடித்தார்.

“கீழ போட்டுடாதீங்க, தம்பி” என்றார் அக்கா, எங்களுக்குப் பின்னால் நின்று.

அஸ்திச் சட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று அன்று ரம்புத்தான் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். மறுநாள் அதைக் கடலில் கரைத்தும் விட்டோம். அதற்குள் அக்கா ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறார். பேரிங் மாற்றிய அன்று, மழையில், அதைக் கிரீஸோடு பிசைந்து உள்ளே வைத்திருக்கிறார்.

“அவங்க அதுக்குள்ளதான் இருந்தாங்க. நீங்க பழசக் கழட்டி எறிஞ்சிட்டீங்க. அவங்க எங்க போவாங்க?” என்றார். நியாயம் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “இந்தச் சக்கரம் கழண்டு இவரும் செத்துட்டா என்ன பண்றது? இவரையும் அள்ளி வலது சக்கரத்துல வைக்கச் சொல்றீங்களாக்கா?” என்று கத்தினேன்.

அக்கா திரும்பி வலது சக்கரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவர் யோசிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்கவேண்டும். ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் நகர்ந்ததைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் புருஷன் செத்ததற்கு அன்றுதான் அழுதார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

பேரிங்கைத் தானே கழுவுவதாகச் சொன்னார் அக்கா. ஒரு பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த எலும்புத்துண்டையும் அதில் போட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு குண்டாக விரலால் உருட்டி, பழந்துணியால் தேய்த்து, துணியை அதே டின்னில் பிழிந்தார். ஹப்புக்குள்ளும் அச்சிலும் ஒட்டியிருந்ததை வழித்து எடுத்தார். சொட்டுக் கிரீஸைக்கூட எங்களைத் தொடவிடவில்லை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிறவர் போல அவ்வளவு பக்குவமாகச் செய்தார். தேய்ந்துபோன அந்தப் பேரிங்கையும் கடைசியில் டின்னுக்குள்ளேயே போட்டு மூடினார்.

புதிதாக இன்னொன்று வாங்கி மாட்டினோம். அந்த முறை சாப்பாட்டுக்குக்கூட நான் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் டின்னோடு புறப்பட்டோம். அக்கா பின்னால் ஏறப் போனார். கையைப் பிடித்து முன்னால் எங்களோடு உட்காரவைத்தேன். கிள்ளான் தாண்டிப் போர்ட் சுவெட்டன்ஹாம் வரைக்கும் மடியில் டின்னை வைத்துக்கொண்டு வந்தார். வழிநெடுக மூன்று பேரும் சக்கரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அது சும்மா உருண்டது.

துறைமுகத்துக்கு அப்பால், சதுப்புமரங்கள் முடிந்து கடல் தெரிகிற இடத்தில் லோரியை நிறுத்தினோம். அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி டின்னைக் கவிழ்த்தார். பேரிங் டுப்பென்று மூழ்கியது. மண்ணெண்ணெய் மட்டும் மேலே பல நிறத்தில் படர்ந்து விலகிப்போனது.

பிறகு அவர் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நாங்களெல்லாம் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்கள். கடைக்காரர் கேட்டால்கூட அக்கா என்னைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. தயக்கமில்லாமல், தெருமுனையில் போகிறவரை அழைப்பதுபோல், உரக்கக் கூப்பிட்டார்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் திரும்பி, என்ஜின் அணைந்து நின்றிருந்த லோரியைப் பார்த்தோம்.

அக்கா திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடி, “போங்க” என்று மட்டும் சொன்னார். ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லவில்லை.