தாய்மாமன் மடி

குடியை விட்டவனை ஊர் லேசில் நம்பாது. ஜெயபாண்டி விட்டு எட்டு மாதம் ஆகிறது. அவனாக எங்கே விட்டான்? ஆரப்பாளையத்தில் லோடு வேன் ஓட்டியவன், சோறு தண்ணி இல்லாமல் பாட்டிலே கதியென்று கிடந்தான். ஒருநாள் வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

அவன் மனைவி நாகஜோதியிடம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "குடியில மூளை வீங்கிப் போச்சும்மா. வீக்கம் வத்திரும், கெட்டது கெட்டதுதான். நடை தள்ளாடும். ஞாபகம் நிக்காது. மறந்த இடத்துல அவரா எதையாவது சொல்லி நிரப்புவாரு. பொய் சொல்றாருன்னு கோவிக்காதீங்க."

இந்த நிலையில்தான் அவன் தங்கை முத்துமீனாவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். குடியால் போன மரியாதை அன்று ஒரு நாளாவது திரும்பட்டும் என்று நாகஜோதி ஏங்கினாள். விடிந்ததிலிருந்து அவனைக் கண்ணை விட்டு அகலவிடவில்லை.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பிள்ளைய மடியில வச்சு உக்காந்தாப் போதும்," என்றாள்.

கல்லுப்பட்டிப் பக்கம் குலசாமி கோயில். மேளத்தோடு சீர்த்தட்டு போனபோதே அவன் கால் பின்னியது. நாகஜோதி தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். பிள்ளையை மடியில் கொடுத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

ஜெயபாண்டி பிள்ளையை உற்றுப் பார்த்தான். "இது யாரு பிள்ள?"

யாரோ சிரித்தார்கள். முத்துமீனாவின் புருசன் முத்துக்குமரனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னைக்குமா மச்சான் குடிச்சிட்டு வருவீங்க?"

"சாமி சத்தியமா ஒரு சொட்டு குடிக்கலண்ணே. அவரு மண்டை அப்படி ஆயிப்போச்சு," என்று நாகஜோதி கெஞ்சினாள்.

ஜெயபாண்டி வெள்ளந்தியாகச் சிரித்தான். "ஏன்டி மறைக்கிற? காலையில நல்லகாமனோட ரெண்டு ரவுண்டு போட்டுட்டுத்தான வந்தேன்."

முத்துக்குமரன் பிள்ளையை வெடுக்கென்று தூக்கி முத்துமீனாவின் பெரியப்பா மகன் மடியில் வைத்தான். பிள்ளை வீரிட்டு அழ, இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. நாகஜோதி தலை தூக்கவில்லை. இத்தனை நாள் காபந்து பண்ணியதெல்லாம் அவன் வாயாலேயே பாழாய்ப் போனது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து கனகா எழுந்து வந்தாள். நல்லகாமன் அவள் புருசன். போன ஆடியில் ஈரல் கெட்டுச் செத்துப்போனவன்.

"அண்ணே, அவரை இன்னைக்கா பாத்தீங்க?"

"ஆமாத்தா. நல்லாத்தான் இருக்கான். வெள்ளச் சட்டை போட்டிருந்தான்."

கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேளம் நின்றது. முத்துக்குமரன் தரையைப் பார்த்தான்.

ஜெயபாண்டி குடிக்கவில்லை என்பது இப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவன் குடித்திருந்தாலே தேவலை என்று நாகஜோதிக்கு இருந்தது. குடித்திருந்தால் பொழுது விடிந்ததும் தெளிந்துவிடும்.